மூன்றுகளுக்குப் பின் ஓர் ஒன்று

துரைராஜுக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த பிறகு, மைன்ஸில் இனி இயந்திரம் ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து மனிதர் வாய் திறப்பதே அபூர்வமாகிவிட்டது. குவார்ட்டர்ஸ் முன்னறையில் உட்கார்ந்து ஜன்னலையே வெறித்துக்கொண்டிருப்பார்.

மருமகள் நந்தினி கணக்கு டீச்சர். அவள் திருத்தப் போட்டுவைத்த விடைத்தாள்களை ஒருநாள் புரட்டியவர், பகா எண் என்றால் என்ன என்று கேட்டார். ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதாலும் மீதியின்றி வகுபடாத எண் என்றாள். அடுத்த வாரமே ஆள் மாறிவிட்டார்.

"இங்க பாரும்மா. 31 பகா எண்ணு. 331, 3331 அதுவுந்தான். முன்னால ஒவ்வொரு மூணா சேத்துக்கினே போ, வகுபடவே மாட்டேங்குது! செல்லுல போட்டு ஏழு எண்ணு பாத்துட்டேன்."

"எட்டாவது?"

"ஏழு சரியா வந்தது, எட்டு மட்டும் ஏமாத்திடுமா?"

டீக்கடையில் சொன்னார். கம்பெனி பஸ்ஸுக்கு நின்றவர்களிடம் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை குவார்ட்டர்ஸ்காரர்கள் கூடும் பிளாக் மன்றத்தில் பேசவும் ஒப்புக்கொண்டார். சோற்றைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

நந்தினிக்குத்தான் உறுத்தியது. பள்ளி இடைவேளையில் 333333331 என்று எழுதி வகுத்துப் பார்த்தாள். ஏழால் போகவில்லை; பதினொன்று, பதிமூன்றாலும் இல்லை. பதினேழால் போட்டதும் 19607843 வந்தது. மீதி இல்லை.

சொல்லாமல் விட்டுவிடலாமா என்று நினைத்தாள். ஆனால் மன்றத்தில் எவனாவது செல்லை நீட்டிச் சிரித்தால் மனிதர் தாங்கமாட்டார். சாயங்காலம் தாளை அவர் முன் வைத்தாள்.

"மாமா, எட்டாவது வகுபடுது."

அவரே ஒரு தடவை போட்டுப் பார்த்தார். பிறகு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். சாப்பிடவும் எழவில்லை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாமே என்று நந்தினி தன்னையே நொந்துகொண்டாள்.

காலையில் அடுக்களை வாசலில் வந்து நின்றார்.

"ஏம்மா, இந்தப் பதினேழு அதோட வுட்டுடுமான்னு பாத்தேன். மீதிய மட்டும் எழுதிக்கினே போனேன். எட்டு மூணுல மீதியில்லாம வருதா, இன்னும் பதினாறு மூணு சேத்தா திரும்பவும் வருது!"

அடுப்பைத் தணித்துவிட்டு நந்தினி சரிபார்த்தாள். உண்மைதான்.

"மாமா, இது எனக்கே தெரியாது."

ஞாயிறன்று மன்றத்துப் பலகையில் ஏழு எண்களை எழுதி, எட்டாவது என்னவென்று கேட்டார். "பகா எண்!" என்று எல்லோரும் கத்தினார்கள்.

"நானும் அப்பிடித்தான் நம்பிக்கினு இருந்தேன்" என்று சிரித்தபடி பதினேழால் வகுக்கத் தொடங்கினார்.

"அப்ப ஒன்பதாவது, துரைராஜண்ணே?" என்றார் பக்கத்து பிளாக் விஜயராஜ்.

"இன்னும் பாக்கல. வூட்டுக்கு வாங்க, ஒண்ணாக் குந்திப் பாக்கலாம்."

விஜயராஜ் வந்தார், இன்னும் இருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்த வாரம் முழுக்க முன்னறையில் ஒரே சத்தம். கடைசியில் 673 என்ற எண்ணால் மீதியின்றி வகுபட்டு ஒன்பதாவதும் பிடிபட்டபோது, துரைராஜ் போட்ட கூச்சலில் நந்தினி டீயைச் சிந்திவிட்டாள்.