ஃபோர் என்றார் நீதிபதி

டென்மார்க் ஆண்ட சாண்டோய் தீவில் ராக்கலைத் தவிர டேனிஷ்காரர்களின் வேகப் பேச்சைப் பிடிக்கக்கூடியவர்கள் குறைவு. மற்றவர்களுக்குத் தெரிந்தது தேவாலயப் பிரசங்கத்து டேனிஷ் மட்டும்தான். ராக்கல் கோபன்ஹேகனில் ஒரு வீட்டில் வேலை பார்த்துத் திரும்பியவள். அதனால்தான் அந்த இலையுதிர்காலத்தில் விசாரணைக்கு வந்த நீதிபதி அவளை மொழிபெயர்க்கக் கூப்பிட்டார்.

குற்றம் சாட்டப்பட்டு நின்றது அவளுடைய பக்கத்து வீட்டு நிக்லாய். அவனுக்கு நிலமில்லை, ஆடுமில்லை. அவன் இறைச்சி உலர்த்தும் கொட்டகையில் பெரிய பண்ணைக்காரரின் காதுக்குறியோடு ஓர் ஆட்டுத்தலை கிடைத்திருந்தது. செங்குத்துப் பாறைக்குக் கீழே அது கால் ஒடிந்து கிடந்தது, விட்டால் அலை கொண்டுபோயிருக்கும், பண்ணைக்காரரிடம் சொல்லிவிட்டு எடுக்கலாம் என்றுதான் நினைத்தேன், வீட்டில் பிள்ளைகள் பட்டினி என்றான் நிக்லாய். ராக்கல் ஒரு சொல் விடாமல் டேனிஷில் சொன்னாள்.

நீதிபதி கேட்டுக்கொண்டிருந்தார். முகம் இளகியிருந்தது போலத்தான் பட்டது. பிறகு எழுத்தரின் பக்கம் திரும்பி ஏதோ சொன்னார். டேனிஷில் ஆட்டுக்குப் பெயர் ஃபோர். கிடைக்கும் என்பதற்கும் அதே ஃபோர்தான். ஆடு கிடைத்தவனுக்கு அடியும் கிடைக்கும் என்பதை அந்த ஒரே ஒலியை அடுக்கிச் சொல்லிவிட்டார். எழுத்தர் சிரித்தார். பண்ணைக்காரரும் சிரித்தார். இந்தத் தீவில் ஆடு என்றால் சேயுர். கிடைப்பதற்கு வேறு சொல். இங்கே அந்த வேடிக்கை பிறந்திருக்கவே முடியாது.

நிக்லாய் குனிந்து கேட்டான். "ஆட்டைப் பத்தி என்னமோ சொல்லிச் சிரிக்கிறாங்களே, என்ன தங்கச்சி?"

அவன் கை தொப்பியைப் பிசைந்துகொண்டிருந்தது. ராக்கல் அந்தத் தொப்பியைப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்லண்ணே. நல்லவிதமாத்தான் பேசுறாங்க."

நிக்லாயின் முகம் மலர்ந்தது. விட்டுவிடப் போகிறார்கள் என்று நினைத்திருப்பான். எல்லோரோடும் சேர்ந்து அவனும் வாய்விட்டுச் சிரித்தான்.

நீதிபதியின் சிரிப்பு சட்டென்று நின்றது. திருடிவிட்டுக் கொஞ்சமும் வெட்கமில்லாமல் நிற்கிறான் என்றார். அபராதத்தோடு முடியும் என்று ஊரே எதிர்பார்த்த வழக்கில், குளிர்காலம் முழுக்கத் தலைநகர் தோர்ஷாவ்னில் சிறை என்று தீர்ப்பானது. தீர்ப்பை அவனிடம் சொன்னதும் ராக்கல்தான்.

நிக்லாயை ஏற்றிக்கொண்டு படகு போன பிறகு ராக்கல் அவன் மனைவி பில்லாவிடம் போய் நடந்ததையெல்லாம் சொன்னாள். பில்லா கம்பளி சிக்கெடுப்பதை நிறுத்தவில்லை.

"அப்பவே அதைச் சொல்றதுக்கென்ன?"

"அவரு மனசு நோகுமேன்னு பாத்தேன்."

"நொந்திருந்தா தலையைத் தொங்கப்போட்டிருப்பாரு. அவங்களுக்கு அதுதானே வேணும்?"

அந்தக் குளிர்காலம் முழுக்க ராக்கல் பில்லாவின் வீட்டுக்கு அடுப்பெரிக்கச் சதுப்பில் வெட்டிக் காயவைத்த கரிமண் கட்டிகளைச் சுமந்தாள், தன் மாட்டைக் கறந்து பால் கொடுத்தாள். பில்லா வேண்டாம் என்றும் சொல்லவில்லை, உட்கார் என்றும் சொல்லவில்லை.

வசந்தத்தில் நிக்லாய் இருமிக்கொண்டே திரும்பி வந்தான். மறுநாளே ராக்கலின் வாசலில் நின்றான்.

"அங்க எனக்காக நீ ஒருத்திதான் பேசுன, தங்கச்சி. இங்கயும் நீதான் பாத்துக்கிட்டியாம். பில்லா சொன்னா."

"வேற என்ன சொன்னாங்க?"

"வேற ஒண்ணும் சொல்லலியே. ஏன்?"

ராக்கல் அவனை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள். அவனுக்குக் காப்பி ஊற்றினாள். ஏன் என்பதை மட்டும் அவள் சொல்லவில்லை.