மூன்றாம் வகைத் தண்ணீர்

தண்ணீரை மூன்று வகையாகப் பிரித்திருக்கிறார்கள் என்று வகுப்பின் முதல் நாளிலேயே நிலுக்சன் சேர் சொன்னார். குழாய் உடைந்து வருவது முதல் வகை. உடுப்புக் கழுவும் மெசினிலிருந்து வழிவது இரண்டாம் வகை. வெள்ளமும் மலக்குழித் தண்ணீரும் மூன்றாம் வகை. எங்கள் பக்கத்தை முதல் இரண்டு வகையும் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. வருவதென்றால் நேரே மூன்றாம் வகைதான் வரும். அதுவும் வீட்டுக்குச் சொந்தக்காரரைப் போலக் கதவைத் தள்ளிக்கொண்டு வரும்.

வெள்ளம் வடிந்த பிறகு புத்தளத்தில் தொடங்கிய பயிற்சி அது. நனைந்த வீடுகளைச் சுத்தம் செய்து, மெசின் வைத்து உலர்த்தி, மறுபடியும் ஆட்கள் குடியிருக்கும்படி ஆக்கிக் கொடுப்பதுதான் வேலை. சான்றிதழ் இருந்தால் கற்பிட்டி ஹோட்டல்களில் எடுப்பார்கள் என்று சொன்னார்கள். முந்தலில் இறால் உரித்து உரித்து விரல் நுனியெல்லாம் வெந்துபோயிருந்த எனக்கு அந்தச் சான்றிதழ் எப்படியும் வேண்டும். வகுப்பில் நான் ஒருத்திதான் பெண்.

ஒருநாள் ஹிஷாம் எழும்பி, "சேர், ஓடுற தண்ணி சுத்தம்தானே? வுழூச் செய்யலாமே?" என்று கேட்டான்.

சேர் சிலாபத்துத் தமிழர். சிரிக்காமல் பதில் சொன்னார். "தொழுகைக்கு எது சுத்தமெண்டு மௌலவியிட்டக் கேளுங்க தம்பி. மெத்தைக்கு எது சுத்தமெண்டு மட்டும் என்னட்டக் கேளுங்க. மூண்டாம் வகைத் தண்ணி குடிச்ச மெத்தை வெளிய போகோணும். அதுக்கு மருந்தில்ல."

செய்முறைப் பரீட்சைக்கு ஆளுக்கொரு வீடு கொடுத்தார்கள். எனக்குக் கிடைத்தது பள்ளிவாசல்துறையில் மர்ளியா ராத்தாவின் வீடு. என் கெட்டித்தனத்தைப் பார்த்துத் தந்ததல்ல அது. ராத்தாவின் கணவர் உசனார் வெள்ளத்துக்குச் சற்று முன்னர்தான் மௌத்தாகியிருந்தார். கடலுக்குப் போகிற மனிதர், நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர், உயிரோடு திரும்பவில்லை. ராத்தா இத்தாவில் இருந்தார். அந்தக் காலம் முடியும்வரை வீட்டை விட்டு வெளியே வரமாட்டார், அந்நிய ஆண்களின் கண்ணில் படமாட்டார். வெள்ளத்துக்குப் பயந்து பக்கத்து மாடி வீட்டுக்குப் போனவர், தண்ணீர் வடிந்ததும் வடியாததுமாகத் திரும்பி வந்துவிட்டாராம்.

ஆகவே சேரும், தூக்குவதற்கு உதவியாக வந்த ஹிஷாமும் றிப்னாஸும் முற்றத்திலேயே நின்றார்கள். நான் மட்டும் திரைச்சீலையை விலக்கிக்கொண்டு உள்ளே போனேன். சேற்றை வழித்தேன். சுவர்களை மேலிருந்து கீழாகக் கழுவி மருந்து தெளித்தேன். ஊறி உப்பிப்போயிருந்த அலுமாரியை உடைத்து வாசலுக்குத் தள்ளினேன். ராத்தா கட்டிலில் இருந்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றுக்கும் தடை சொல்லவில்லை. அவர் இருந்த பஞ்சு மெத்தையில் கை வைத்தபோதுதான் வாய் திறந்தார்.

"அது வேணாம் தங்கச்சி."

"ராத்தா, இது ஊறியிரிக்கி."

"இந்த மூலை நனையல்ல. அவரு தல வெச்சுப் படுத்த மூலை. பாருங்களன்."

ஈரம் பார்க்கிற மீட்டரின் ஊசிகளை அந்த மூலையில் குத்தினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. ராத்தா அதைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார்.

"நீங்க நாத்தமெல்லாம் எடுப்பீங்களாமே?"

"ஓம் ராத்தா. அதுக்கு மெசின் இரிக்கி."

"அப்ப வெள்ளத்துட நாத்தத்த மட்டும் எடுங்க. அவருட வாசத்த உட்டுடுங்க."

எங்கள் பாடத்தில் நாற்றமென்றும் வாசமென்றும் இரண்டு கிடையாது. வேலை முடியும்போது வீட்டில் எந்த மணமும் இருக்கக் கூடாது, இருந்தால் பெயில். மெத்தை உள்ளே கிடக்கும்வரை மெசின் போட முடியாது. மெசின் போடாவிட்டால் இந்த ஈரத்திலேயே படுத்து ராத்தா நோயில் விழுவார், எனக்கும் சான்றிதழ் இல்லை. இரண்டில் எதை முதலில் நினைத்தாய் என்று மட்டும் கேட்காதீர்கள்.

"பஹ்மிதா! என்ன சுணக்கம்?" வெளியிலிருந்து சேர் கூப்பிட்டார்.

"மெத்தை, சேர்!"

"அது வெளிய போகோணும்!"

"தெரியும், சேர்!" கொஞ்சம் கத்தித்தான் சொன்னேன். வெளியே நின்று சொல்வது யாருக்கும் லேசு.

"மணந்து பாருங்க" என்றார் ராத்தா. "மீனும் பீடியும் தைலமுமா ஒரு வாசம் வரும்."

முகமூடியைக் கழற்றக் கூடாது என்பது முதல் நாளே படித்த விதி. கழற்றினேன். முழங்காலில் நின்று அந்த மூலையில் முகத்தை வைத்து மூச்சை இழுத்தேன். மலக்குழியும் சேறும் குடலைப் பிடுங்கிக்கொண்டு வந்தன. வேறொன்றும் வரவில்லை. வருகிறது என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. சொன்னால் மெத்தை அசையாது.

"பொய் சொல்ல மாட்டேன் ராத்தா. எனக்குச் சேத்து நாத்தம் மட்டும்தான் வருது."

ராத்தா கோபிக்கவில்லை. மெதுவாகத் தலையை ஆட்டினார். "எனக்கும் நேத்தையிலிருந்து அதுதான் வருது. உங்களுக்காவது வருதோண்டு பாத்தேன்."

பிறகு ராத்தா தானாகவே எழும்பிக் கட்டிலை விட்டு விலகினார்.

ஊறிய சாமானை அறைக்குள்ளேயே பொலித்தீனால் சுற்றிக் கட்டிவிட்டுத்தான் வெளியே எடுக்க வேண்டும். நான் பொலித்தீனை விரித்து மெத்தையை அதில் உருட்டினேன். கயிற்றை எடுத்தபோது ராத்தா கையை நீட்டினார்.

"நீங்க தொடக் கூடாது ராத்தா. வீட்டாக்கள் தொட்டா எனக்குப் பாஸ் இல்ல."

"அவர ஆஸ்பத்திரியிலிருந்து நேரே பள்ளிவாசலுக்குக் கொண்டு போயிட்டாங்க. அங்கயே குளிப்பாட்டி, கபன் துணி சுத்தி, கட்டித்தான் இங்க கொண்டு வந்தாங்க. முகத்த மட்டும் காட்டினாங்க." அவருடைய குரல் உயரவேயில்லை. "அவருட பொஞ்சாதி நான். என்ட கையால ஒரு முடிச்சுக்கூடப் போடல்ல தங்கச்சி."

என்னிடம் மிச்சமிருந்த கையுறையையும் முகமூடியையும் அவருக்கு மாட்டிவிட்டேன். தலைமாட்டில் ஒன்று, நடுவில் ஒன்று, கால்மாட்டில் ஒன்று என்று ராத்தா கட்டினார். அவசரப்படவில்லை. நான் பொலித்தீன் நழுவாமல் பிடித்துக்கொண்டேன், வேறொன்றும் செய்யவில்லை.

ராத்தா பின்னறைக்குள் போனதும் நான் அதை வாசல்வரை இழுத்து வந்தேன். ஹிஷாமும் றிப்னாஸும் தரையில் இழுக்கப் பார்த்தார்கள். "தூக்குங்கடா!" என்று சீறினேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுத் தோளில் ஏற்றினார்கள்.

சேர் கயிற்று முடிச்சுகளைப் பார்த்தார். "வீட்டாக்கள் ஆராவது இதத் தொட்டாங்களா?"

இல்லை என்று ஒரு சொல் போதும். உள்ளே நடந்தது அவருக்குத் தெரியாது. ஆனால் அந்த முடிச்சுகளை நான் போட்டதாகச் சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை.

"ஓம் சேர். கட்டினதே அவங்கதான்."

சேர் முடிச்சுகளிலிருந்து கண்ணை எடுத்தார். "அப்ப இந்த முற பாஸ் போடேலா பஹ்மிதா. அடுத்த பயிற்சிக்கு வாங்க."

மறுபடி இறால் கூடையும் ஐஸ் தண்ணீரும் கண்ணில் வந்தன. தெருவைப் பார்த்தபடி வாசலிலேயே நின்றேன்.

திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து ராத்தாவின் குரல் வந்தது. "தங்கச்சி, எவடத்தால போறாங்க?"

"வேலியத் தாண்டிட்டாங்க ராத்தா."

"இழுத்துக்கொண்டா போறாங்க?"

"இல்ல. தோளில வெச்சிரிக்காங்க. பள்ளி மூலையில திரும்புறாங்க." நான் எட்டிப் பார்த்தேன். "இப்ப காணல்ல."

உள்ளே நீண்ட மூச்சொன்று கேட்டது.

"அவரக் கொண்டு போன அண்டைக்கு எனக்கு இத ஆரும் சொல்லல்ல" என்றார் ராத்தா.

நான் உள்ளே போய், யன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்திவிட்டு, மெசினைப் போட்டேன்.