காத்திருப்புக் காலம்

"ரெண்டாவது திட்டத்துல அறை வாடகைக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு போட்டிருக்கான், பாரு" என்றார் அப்பா.

தமிழ்நிலா பதினேழாவது விடைத்தாளைத் திருத்திக்கொண்டிருந்தாள். கோயம்புத்தூரில் அவள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், விடைத்தாள் கட்டுக்கும் ஆறிப்போன காபிக்கும் நடுவே, கைப்பேசி ஸ்பீக்கரில் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணி. ஒரத்தநாட்டில் அப்பா இந்நேரம் முன்னறை மேசையில் மூன்று காப்பீட்டுக் கம்பெனிகளின் காகிதங்களையும் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். காற்றில் பறக்காமல் இருக்க ஒன்றின்மேல் வெற்றிலைப் பெட்டியும் இன்னொன்றின்மேல் மாத்திரை டப்பாவும் இருக்கும்.

"போன வாரமே பாத்தோமேப்பா."

"பாத்தோம். ஆம்புலன்ஸ் செலவு பாக்கல. அதையும் சேத்தா மூணாவதுதான் தேவலாமோன்னு தோணுது."

அவள் பேனாவை மூடினாள். "அப்பா, ஆறு மாசமா இதையே பேசிக்கிட்டிருக்கோம். ஏதாவது ஒண்ண எடுங்க. பணம் நான் கட்டிடறேன். எனக்குத் தலைக்கு மேல வேல கெடக்கு."

அந்தப் பக்கம் அப்பா காகிதங்களைப் புரட்டினார். பிறகு, "சரி பாப்பா. இரு, கண்ணாடிய எடுத்துக்கிட்டு வர்றேன்" என்றார்.

நாற்காலி பின்னால் நகர்ந்த சத்தம் கேட்டது. குக்கர் ஒரு விசில் அடித்தது. அப்பா கோபித்துக்கொண்டார் போலும் என்று நினைத்து அவள் பதினெட்டாவது விடைத்தாளை எடுத்தாள். அதை முழுதும் திருத்தி முடித்து மதிப்பெண்ணைக் கூட்டிக்கொண்டிருந்தபோது, தூரத்தில் அம்மாவின் குரல் வந்தது.

"ஏங்க."

பிறகு இன்னொரு முறை, வேறு மாதிரி. "ஏங்க…"

*

கணவர் காரை ஓட்டினார். பதினொரு மணிக்குள் கரூரைத் தாண்டிவிட்டார்கள்.

அப்பாவின் பெயர் ரெத்தினம். ஓய்வு பெற்ற கால்நடை ஆய்வாளர். அவர்கள் தெருவில் முதன்முதலாக அரசாங்க வேலைக்குப் போனவர். மாடுகளுக்கு ஊசி போடவும் சினை பார்க்கவும் முப்பது வருடம் சைக்கிளிலும் பிறகு மொபெட்டிலுமாகச் சுற்றுவட்டாரம் முழுக்க அலைந்தவர். ஊர்க்காரர்களுக்கு அவர் டாக்டர்தான். "நான் டாக்டர் இல்லங்க, ஆய்வாளரு" என்று அவரும் சளைக்காமல் சொல்லிப் பார்த்தார். யாரும் கேட்கவில்லை.

இரண்டு வருடங்களுக்கு முன் அவருக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். ஓய்வூதியத்தில் மாதாமாதம் பிடிக்கிற அரசுக் காப்பீடு இருந்தது. அதற்கு மேல் ஆனதைக் கையிலிருந்து கட்டினார்கள். இந்தச் சித்திரையில் ஊருக்கு வந்திருந்தபோது தமிழ்நிலாதான் பேச்சை எடுத்தாள். "மேல ஒரு டாப்-அப் எடுத்து வச்சிக்கலாம்ப்பா. பென்சன்காரங்க நெறைய பேர் எடுக்கறாங்க." சொல்லிவிட்டு அவள் கோயம்புத்தூர் வந்து சேர்ந்த மறுநாளே அப்பாவின் அழைப்பு வந்தது.

அதுவரை அவர்களுக்குள் தொலைபேசிப் பேச்சு என்று ஒன்று இருந்ததாகச் சொல்ல முடியாது. "சாப்டியா? மழையா அங்க? இந்தா, அம்மாகிட்ட பேசு." ஒரு நிமிடத்தில் கைமாறிவிடும். இப்போது முக்கால் மணி நேரம் பேசினார். பழைய நோய் இருந்தால் எத்தனை வருடம் காத்திருந்த பிறகு காப்பீடு செல்லும், வயது ஏற ஏறப் பிரீமியம் எவ்வளவு ஏறும், தஞ்சாவூரில் எந்தெந்த ஆஸ்பத்திரியில் பணம் கட்டாமல் சேரலாம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். மறுநாள் அதையே வேறு கம்பெனிக்குக் கேட்டார்.

"எத்தன மாட்டுக்கு நான் இன்சூரன்ஸ் ஃபாரம் எழுதியிருப்பேன் தெரியுமா?" என்றார் ஒரு நாள். "பல்லப் புடிச்சிப் பாத்து வயசு போட்டு, காதுல நம்பர் வில்லைய மாட்டிவிட்டா முடிஞ்சிது. என்னைய என்னான்னா ஆதாரு, ஈசிஜி, எக்கோன்னு கேக்குறானுவ."

பேச்சு இப்படித்தான் காப்பீட்டில் தொடங்கி எங்கேயோ போகும். விடைத்தாள் திருத்திக்கொண்டோ வெங்காயம் நறுக்கிக்கொண்டோ அவள் பாதிக் காதால் கேட்டுக்கொண்டிருப்பாள்.

ஆவணியில் ஒரு நாள் சைக்கிள் கதை வந்தது. அவள் ஒன்பதாம் வகுப்புப் படித்தபோது தஞ்சாவூருக்குக் கூட்டிக்கொண்டு போய் சைக்கிள் வாங்கித் தந்த கதை. அது அவளுக்கும் நினைவிருந்தது. நான்கு கடை ஏறி இறங்கினார்கள். மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் விலை, பெல், கேரியர், பூட்டு என்று அப்பா குறித்துக்கொண்டே வந்தார். வெயிலில் அவளுக்கு அழுகை முட்டியது. கடைசியில் முதல் கடைக்கே திரும்பிப் போய், அவள் முதலில் கைவைத்த அதே சிவப்பு சைக்கிளை வாங்கினார். பஸ் மேலே ஏற்றினால் கீறல் விழும் என்று, அவளைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு புது ஆற்றங்கரையோடு ஒரத்தநாடு வரைக்கும் மிதித்தே வந்தார். நடுவில் மழை பிடித்துக்கொண்டது. கரையோரம் ஒரு பெரிய வீட்டிலிருந்து யாரோ, "டாக்டரே, நனையாதீங்க, உள்ள வாங்க" என்று கூப்பிட்டார்கள். உள்ளே நாற்காலி போட்டு, டீ கொடுத்தார்கள்.

"நாற்காலி போட்டதும் நீங்க ஒக்காராம கொஞ்ச நேரம் நின்னுக்கிட்டே இருந்தீங்கப்பா. டிரஸ் ஈரமா இருக்குன்னு நிக்கிறீங்கன்னு நெனச்சேன்."

"அந்த வீட்டு மாட்டுக் கொட்டகையிலதான் எங்கப்பா பண்ணைக்கு இருந்தாரு" என்றார் அப்பா. "வாசப்பக்கம் அவரு வந்ததே இல்ல. கூலி வாங்கணும்னாக்கூடக் கொல்லைப் பக்கந்தான். நானும் அதுவரைக்கும் கொட்டகையில மாட்டப் பாத்துட்டு அப்டியே திரும்பிடுவேன். அன்னிக்கி நீ தொடையில தட்டித் தாளம் போட்டுக்கிட்டு ஜம்முன்னு ஒக்காந்திருந்த. ஒன்னையப் பாத்துட்டுத்தான் நானும் ஒக்காந்தேன்."

கையில் பாதி நறுக்கிய வெங்காயத்தோடு அவள் அப்படியே நின்றாள். அதற்குள் அப்பாவே, "அது கெடக்கட்டும். அந்த ஆம்புலன்ஸ் விசயம் என்னாச்சு?" என்று கேட்டிருந்தார்.

*

வீட்டு வாசலில் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். மழை பெய்து ஓய்ந்து, நாற்காலிகளெல்லாம் நனைந்து கிடந்தன. அப்பாவை முன்னறையில் பெஞ்சின்மேல் கிடத்தியிருந்தார்கள். மேசையைச் சுவரோரம் தள்ளி, காகிதங்களை யாரோ அடுக்கி மூலையில் வைத்திருந்தார்கள். அவர் நெற்றிக்காசுக்குக் கீழே புருவம் லேசாக உயர்ந்திருந்தது. எதையோ கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்பவரைப்போல.

அம்மா செவ்வந்தி அவளைப் பார்த்ததும் அழவில்லை. "போன் அப்டியே கெடந்துச்சு. நீதான் இருக்கேன்னு தெரியல எனக்கு" என்றாள். "எவ்வளவு நேரம் கேட்டுக்கிட்டிருந்த?"

"கொஞ்ச நேரம்மா."

மூன்று மணிக்கு மீரா உசேன் வந்தார். டெலிபோன் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அப்பாவோடு முப்பது வருடச் சிநேகம். பொழுதுபோக்காகக் காப்பீட்டு ஏஜெண்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தார். கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு அப்பாவின் காலடியில் வெகுநேரம் நின்றார். பிறகு வெளியே வந்து, நனைந்த நாற்காலி ஒன்றைத் துடைக்காமலே உட்கார்ந்தார்.

தமிழ்நிலா அவர் பக்கத்தில் போய் நின்றாள். காலையிலிருந்து அதைத்தான் யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது.

"கடைசியா அதத்தான் மாமா பேசிக்கிட்டிருந்தோம். நான்தான் சலிச்சிக்கிட்டேன். ஏதாவது ஒண்ண எடுங்கன்னு கத்திட்டேன். எதையும் முடிவு பண்ணாமயே…"

மீரா உசேன் நிமிர்ந்து பார்த்தார்.

"எத முடிவு பண்ணாம?"

"டாப்-அப் மாமா."

"அது அப்பவே எடுத்தாச்சேம்மா." அவர் குரலைத் தணித்துக்கொண்டார். "ஆடிப் பெருக்குக்கு நாலு நாள் இருக்கையில கையெழுத்துப் போட்டாரு. தங்கச்சிக்கு, அதான் ஒங்கம்மாவுக்கு மட்டும். அதுக்குச் சுகர் இருக்குல்ல, அதுக்கு ஏத்த மாதிரி பாத்துப் பாத்து எடுத்தாரு."

"அப்பாவுக்கு?"

"அவருக்கு ஸ்டென்ட் வச்சதால ரெட்ட மடங்கு பிரீமியம் கேட்டாங்க. அதுக்கும் மேல, இதய நோவுக்கு மூணு வருசம் காத்திருக்கணும்னாங்க. காயிதத்த வாங்கிப் படிச்சிட்டுச் சிரிக்கிறாரு. 'உசேனு, இது மாடா இருந்தா நானே வேணாம்னு எழுதியிருப்பேன்'னாரு."

தெருவில் யாரோ தென்னங்கீற்று முடைந்துகொண்டிருந்தார்கள்.

"அப்பறம் ஏன் மாமா தெனம் என்கிட்ட…"

"அது எனக்குத் தெரியாதும்மா. என்கிட்டயும் வாரத்துக்கு ஒருக்கா வந்து புதுசா ஏதும் காயிதம் இருக்கான்னு வாங்கிட்டுப் போவாரு. எதுக்குங்க, அதான் எடுத்தாச்சேம்பேன். 'பாப்பா கேக்கும், அதுக்குச் சொல்லணும்'பாரு." அவர் கைக்குட்டையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். "நீ கேக்குறன்னுல்ல நான் நெனச்சேன்."

ஆடி, ஆவணி, புரட்டாசி, ஐப்பசி. அவள் ஒவ்வொரு மாதமாக நினைத்துப் பார்த்தாள். வெள்ளம் வந்த வருடம் எருமையின் வாலைப் பிடித்துக்கொண்டு வாய்க்காலைக் கடந்த கதை புரட்டாசியில் வந்தது. அம்மாவைப் பெண் பார்க்கப் போனபோது அந்த வீட்டுப் பசுவுக்கு வயிற்று உப்புசம் என்று சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு வைத்தியம் பார்த்த கதை, அதற்கு முந்தின வாரம். சைக்கிள் கதை ஆவணி.

நாலரைக்கு எடுத்தார்கள். சித்தப்பா மகன் இனியவன் கொள்ளிச்சட்டி பிடித்தான். பெண்கள் தெருமுனையில் நின்றுவிட்டார்கள். தமிழ்நிலா மட்டும் யாரும் எதுவும் சொல்வதற்குள் பின்னாலேயே நடந்து, புது ஆற்றுப் பாலம்வரை போனாள். ஆற்றில் கரை தொட்டுத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. எதிரே மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்த ஒரு கிழவர் கூட்டத்தைப் பார்த்து ஒதுங்கினார். "யாரு?" என்று பக்கத்தில் வந்தவரிடம் கேட்டார். சொன்னதும் தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, மாடுகளைப் பாலத்திலேயே விட்டுவிட்டுக் கூட்டத்தோடு நடந்தார்.

மாடுகள் அங்கேயே நின்றன. அவர் வரும்வரை அவளும் அவற்றோடு நின்றாள்.

*

மறுநாள் காலை ஆண்கள் பால் தெளிக்கப் போயிருந்தார்கள். கழுவிவிட்ட வீடு ஈரமாக இருந்தது. நடவுக்குப் போகிற பெண்கள் பேசிக்கொண்டே வந்து, அவர்கள் வீட்டுக்கு நேரே மட்டும் பேச்சை நிறுத்திக் கடந்து போனார்கள்.

அம்மா பின்கட்டில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். திடீரென்று, "எம் பேருக்கு எடுத்திருக்காருல்ல, அது என்னான்னு பாரேன்" என்றாள்.

"ஒனக்குத் தெரியுமாம்மா?"

"தெரியாம? பீரோவுல பட்டுப்பொடவைக்குக் கீழ இருக்கு. 'ஒனக்கும் இன்சூரன்ஸ் போட்டாச்சு செவ்வந்தி, காதுல வில்லைதான் மாட்டல'ன்னாரு. பாப்பாகிட்ட இப்ப சொல்லாதன்னாரு."

"ஏன்னு கேக்கலயா நீ?"

அம்மா தரையில் காய்ந்துகொண்டிருந்த ஈரத்தை விரலால் தொட்டாள். "எடுத்துக்கிட்டு வாயேன்" என்றாள்.

பட்டுப்புடவைக்குக் கீழே பழுப்பு உறைக்குள் அது இருந்தது. இருபது பக்கம், முழுக்க ஆங்கிலம். தமிழ்நிலா அம்மாவுக்கு எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து தமிழில் சொல்லத் தொடங்கினாள். பெயர் செவ்வந்தி ரெத்தினம். வயது ஐம்பத்தொன்பது. சர்க்கரைக்கு ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். ஆம்புலன்ஸுக்கு இவ்வளவு. அறை வாடகைக்கு உச்சவரம்பு இல்லை. அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். புரிகிறதா என்று தமிழ்நிலா கேட்கவில்லை. அவசரப்படவும் இல்லை.

ஆறாம் பக்கத்தில் எதெதற்குப் பணம் கிடையாது என்று போட்டிருந்தது. "பல் கட்டறதுக்குக் கெடையாது. அழகுக்குப் பண்ற ஆபரேசனுக்குக் கெடையாது. பிரசவச் செலவு கெடையாது…"

"எதுக்கு?"

"பிரசவத்துக்கும்மா."

அம்மாவின் வாய் கோணி, நேற்றிலிருந்து முதன்முறையாகச் சிரிப்புப்போல ஒன்று வந்தது. "அந்த மனுசன் எத்தன கன்னுக்குட்டிய இழுத்துப் போட்டிருக்காரு. கை நடுங்காதும்பாங்க. நீ பொறந்தன்னிக்கி தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரியில என்னா பண்ணாருன்னு சொல்லியிருக்காரா ஒங்கிட்ட?"

"இல்லம்மா."

"சொல்லியிருக்க மாட்டாரு."

அம்மா கால்களை நீட்டிக்கொண்டாள். முந்தானையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு சொல்லத் தொடங்கினாள். தமிழ்நிலா காகிதத்தைத் தரையில் கவிழ்த்து வைத்தாள். இன்னும் பதினான்கு பக்கங்கள் இருந்தன.