எந்த ஊர் என்று கேட்ட குற்றம்

லான்செஸ்டன் ஊரில் வீட்டிலிருந்தபடியே டீகன் ஒரு பென்குயின் தீவை நடத்திவந்தாள். எல்லாம் இணைய விளையாட்டில்தான். பள்ளிக்கூடம் விட்டதும் நூறு, நூற்றைம்பது பிள்ளைகள் பென்குயின்களாக வந்து இறங்குவார்கள். அங்கே யாரும் யாரிடமும் பெயர், வயது, ஊர் கேட்கக்கூடாது. பிள்ளைகளைப் பற்றி எதையும் சேமித்து வைக்கக்கூடாது. விளையாட்டை நடத்தும் நிறுவனத்தின் இந்த விதிகளை டீகன் மாதிரிக் கட்டிக் காத்தவர்கள் குறைவு. பேச்சுகள் மணிக்கொரு முறை தானாக அழியும்படி செய்துவைத்திருந்தாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு, தினமும் வருகிற நீலத் தொப்பிப் பென்குயின் அவள் பக்கத்தில் வந்து நின்றது.

"அம்மா வேலைக்குப் போனதும் அவங்க ஃபிரெண்டு ரஸ் என்னைய ஷெட்டுல போட்டுப் பூட்டிடுறாரு. இன்னிக்கும் பூட்டுவாரு. யார்கிட்டயும் சொல்லாதீங்க."

டீகன் புகார்ப் பொத்தானை அழுத்தி நிறுவனத்துக்குத் தெரிவித்திருக்க வேண்டும். பதற்றத்தில் அவள் தட்டியது வேறு: "கண்ணு, உன் பேரென்ன? எந்த ஊரு நீ?"

அடுத்த நொடி திரை வெளுத்தது. சிறுவரிடம் அந்தரங்க விவரம் கேட்டதற்காகக் கணக்கு முடக்கப்பட்டதாம். தீவும் கூடவே மூடிக்கொண்டது. கேட்டது யார், எதற்காக என்றெல்லாம் இயந்திரம் பார்க்குமா?

அவளோடு வாழும் டூகல் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தான். "என்ன, பென்குயினுங்க ஸ்ட்ரைக்கா?" அவள் முகத்தைப் பார்த்ததும் அடுப்பை அணைத்துவிட்டுப் பக்கத்தில் வந்தான்.

நிறுவனத்தோடு ஒரு மணி நேரம் மல்லுக்கட்டினாள். முடக்கப்பட்ட கணக்கிலிருந்து புகார் ஏற்க மாட்டார்களாம். பிறகு போலீசுக்குப் போன் போட்டாள். எடுத்த பெண் நல்லவள், பொறுமையாகத்தான் கேட்டாள்.

"பிள்ளை பேரு?"

"தெரியாதுங்க."

"ஊரு?"

"நம்ம நாடான்னே தெரியாது."

"பேசினது பதிவாகியிருக்குமில்ல?"

டீகன் கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்தே கால். "அழிஞ்சுபோச்சு. நானேதான் அப்படிப் பண்ணி வெச்சேன்."

"சரிம்மா, கம்பெனிக்கு எழுதறோம். எப்ப பதில் வரும்னு என்னால சொல்ல முடியாது."

டூகல் டீ கொண்டுவந்து வைத்தான். "உன்னால முடிஞ்சதப் பண்ணிட்டே, டீகன்."

"என்னத்தப் பண்ணினேன்? அது பயந்து பயந்து என்கிட்ட சொல்லுச்சு. சொன்ன நிமிஷமே நான் காணாமப் போயிட்டேன். இனி இன்னொருத்தர்கிட்ட அது வாயத் திறக்குமா, சொல்லு?"