பிச்சைமணியின் முன்பற்கள்

பிச்சைமணியின் முன்பற்களுக்கு நடுவே ஒரு சந்து உண்டு. போடிமெட்டில் இருந்து ஆள் ஏற்றி வரும் ஜீப்பு, வேகம் குறைக்காமலே அதற்குள் புகுந்து வெளியேறலாம். அந்தச் சந்தோடுதான் ஏலக்காய் வாங்கி விற்று மூன்று மாடி கட்டினான். வியாபாரிகள் சங்கத் தலைவர் பதவிக்கு நிற்பது என்று முடிவானதும் திடீரென்று அது அவனுக்கு உறுத்திவிட்டது. பேனரில் சிரிக்க வேண்டுமே. எதிர்த்து நிற்கிற விஜயராஜுக்குப் பல்வரிசை நன்றாக இருந்து தொலைத்தது.

மின்வாரியத்தில் ஓய்வு பெற்றபின் எனக்குள்ள ஒரே சோலி, காலையில் பிச்சைமணி கடைக்குப் போய் அவன் பேப்பரைப் படிப்பது. ஆகவே நடந்ததை எல்லாம் பக்கத்தில் இருந்தே ரசித்தேன்.

"ஒந் தம்பி மக ஜாக்குலின் பல் டாக்டருதான? போய்க் காட்டு மொதலாளி" என்றேன்.

"கம்பி கட்டுனா ஒரு வருசம் ஆகும்ங்குறா. எலக்சன் அடுத்த மாசம்யா. ரெண்டு பல்லைச் சேத்து வைக்க அஞ்சு வருசம் படிச்சாளாம். படிப்பப் பாரு."

சொல்லிவிட்டு, ஏலக்காய் சாம்பிள் பொட்டலத்தில் இருந்து ரப்பர் பேண்டை உருவி, இரண்டு பல்லையும் சேர்த்து மாட்டிக்கொண்டான். கண்ணாடியில் பார்த்து, "இழுக்குதுய்யா" என்று பூரித்தான்.

நாலே நாளில் சந்து பாதியானது உண்மை. ஒரு காலையில் ரப்பரைக் காணோம். "தூக்கத்துல முழுங்கிட்டேன் போல" என்று புதிதாக ஒன்றை மாட்டினான். அதுவும் காணாமல் போனது. மூன்றாவதும் போனது.

"இவருக்கு இனி சோறு எதுக்கு, ரப்பரே போதும்" என்றாள் அவன் மனைவி புஷ்பலதா.

அதற்குள் சந்து மூடிவிட்டது. பேருந்து நிலையத்தில் பேனர் ஏறியது. ஒவ்வொரு பல்லும் வாசற்கதவு அகலம். குரங்கணி பஸ்சு டிரைவர் கண் கூசிப் பிரேக் போட்டதாக ஊரெல்லாம் பேச்சு. கிளப்பிவிட்டது நான்தான்.

பிறகு ஈறு வீங்கியது. பல் இரண்டும் நீண்டு தொங்கின. வாழைப்பழத்தைக் கடித்தான், பல் சாய்ந்தது. மலையையே விலைபேசுகிற ஆள், "வெரசா வாய்யா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு ஜாக்குலினிடம் ஓடினான்.

அவள் வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்தாள். "ரப்பர் போட்டீங்களா பெரியப்பா?"

"போட்டேன். மூணையும் முழுங்கிட்டேன்."

"ஒண்ணைக்கூட முழுங்கல. பல்லு வேர்ப்பக்கம் போகப் போக ஒல்லியாத்தான் இருக்கும். ரப்பர் வழுக்கி ஈறுக்குள்ள ஏறி, பல்லோட பிடிப்பை அறுத்திருச்சு."

ஈறைக் கீறி ஒவ்வொன்றாக வெளியே எடுத்துத் தட்டில் வைத்தாள். பார்க்கச் சகிக்கவில்லை. நான் கண்ணெடுக்காமல் பார்த்தேன்.

"பல்லு நிக்குமா ஆத்தா?" படிப்பைப் பழித்த வாய்க்கு இப்போது அவள் ஆத்தா.

"பக்கத்துப் பல்லோட சேத்துக் கட்டி விடுறேன். ஒரு மாசம் கஞ்சிதான். வாயை அகலத் தொறக்கக் கூடாது, பேசக் கூடாது. மீறினா ரெண்டும் கையில வந்திரும்."

"ஓட்டுக் கேக்கணுமே."

"பல்லா, ஓட்டான்னு நீங்களே பாத்துக்கங்க."

பல்தான் என்றான். கடை கடையாகப் போய்க் கும்பிட்டான், உதட்டை மூடிக்கொண்டு. விஜயராஜோ போன இடமெல்லாம் ஒரு மணி நேரம் பேசினான். நம் வியாபாரிகளின் மூளையைத்தான் சொல்ல வேண்டும்: "வாயே தொறக்க மாட்டேங்குறாரு, எவ்வளவு தன்மையான மனுசன்" என்று பிச்சைமணிக்கே குத்தித் தள்ளிவிட்டார்கள்.

சங்க மண்டபத்தில் மாலை போட்டார்கள். கையில் மைக்கைத் திணித்தார்கள். டாக்டர் சொன்ன மாதம் முடிய இன்னும் ஒரு வாரம் இருந்தது. பிச்சைமணி கெஞ்சுகிற கண்ணோடு என்னைப் பார்த்தான். 'அவருக்குத் தொண்டை சரியில்லை' என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"பேசு மொதலாளி" என்று முதல் கைதட்டைத் தட்டினேன். மண்டபமே தட்டியது.

தட்டத் தட்ட அவன் நெஞ்சு நிமிர்ந்தது. தலைவர் என்ற நினைப்பு மண்டைக்கு ஏறிவிட்டது. வாயை அகலத் திறந்து, "அன்பார்ந்த வியாபாரப் பெருமக்களே" என்று முழங்கினான்.

பல் இரண்டும் கட்டிய கம்பியோடு கழன்று, மைக்கில் இடித்து, முன்வரிசையில் போய் விழுந்தன.

விஜயராஜ் குனிந்து எடுத்தான். கைக்குட்டையில் துடைத்து மேடைக்கு நீட்டினான்.

"தலைவரே, ஒங்களுதான்னு பாருங்க."