ஐந்தாவது எபிசோடில் நான் செத்துப்போனேன்

நான் செத்துப்போன விஷயம் மேல்மாடிக்குப் புதிதாகக் குடிவந்த டாக்ஸி டிரைவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். படிக்கட்டில் என் கணவரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "மனசத் தேத்திக்கங்க சார். பொண்ணுக்காகவாவது திடமா இருக்கணும்" என்றார். இவரும் தலையைக் குனிந்துகொண்டு, "இருக்கேன்" என்றார். துணிமூட்டையோடு பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்த டிரைவர், வீட்டு வேலைக்கு ஆள் வைத்தது நல்லதுதான் என்று சொல்லிவிட்டு மேலே ஏறிப் போனார்.

எல்லாம் ஒரு லிஃப்டில் ஆரம்பித்தது. என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஊர் லிஃப்டையெல்லாம் ஓடவைக்கிற மனுஷர் ஒரு நாள் எங்கள் கட்டடத்து லிஃப்டிலேயே மாட்டிக்கொண்டார். கூடவே என் தம்பி. வேலை கிடைக்கும்வரை தற்காலிகமாகத் தங்குகிறேன் என்று அவன் வந்தபோது என் மகள் எல்.கே.ஜி.; இப்போது அவள் பத்தாவது. வீட்டில் அவனுக்குப் பெயரே தற்காலிகம்தான். பாதி திறந்த கதவுக்குள் எந்த வயரைப் பிடுங்க வேண்டும் என்று தற்காலிகம் பாடம் நடத்த, இவர் ஸ்க்ரூடிரைவரைக் காட்டி அவனை மிரட்ட, வெளியே தரையில் உட்கார்ந்து மகள் இருவருக்கும் தீர்ப்புச் சொன்னாள். நான் போனில் எடுத்தேன். அதை லட்சக்கணக்கான பேர் பார்த்துச் சிரித்தார்கள்.

அன்றிலிருந்து வீட்டில் எது நடந்தாலும் நான் எடுக்க வேண்டும் என்று ஆகிவிட்டது. மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவள் நான். எனக்குக் கை நடுங்காது. இவர் எடுத்தால் படம் முழுக்கத் தரையும் செருப்பும்தான். தற்காலிகம் எடுத்தால் அவன் மூஞ்சி மட்டும்தான். நடுவில் பேசினால் என் குரல் விழும் என்று வாயையும் மூடிக்கொண்டேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எப்பேர்ப்பட்ட தியாகம் என்று புரியும்.

பிறகு ஒரு கம்பெனி எங்கள் குடும்பத்தைக் கார்ட்டூன் தொடராக எடுக்க வந்தது. இவருடைய வழுக்கையை லிஃப்ட் பட்டன் மாதிரி வரைந்தார்கள். கோபம் வந்தால் அது சிவப்பாக எரியும். தம்பியை ஒல்லியாகப் போட்டதில் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. நாலு எபிசோட் ஓடியதும் பார்க்கிறவர்கள் அம்மா எங்கே என்று கேட்க ஆரம்பித்தார்கள். கதை எழுதுகிறவர்கள் எங்கள் வீடியோக்களை ஒன்று விடாமல் பார்த்திருக்கிறார்கள். என் தலைமுடி ஒன்றுகூட அதில் அகப்படவில்லை. சரி, அம்மா இறந்துவிட்டாள் என்று முடிவு கட்டினார்கள்.

டிரைவர் சொன்ன அன்று ராத்திரியே அந்த எபிசோடை நாங்கள் வீட்டில் சேர்ந்து பார்த்தோம். கார்ட்டூன் புருஷன் பாதி காலியான துணி அலமாரியிடம் அன்றாட விஷயங்களைப் பேசிக்கொண்டிருந்தான். என் கணவர் தேம்பித் தேம்பி அழுதார். நான் துண்டைக் கொடுத்தேன். பாவம், எப்படித்தான் சமாளிக்கிறானோ என்றார். தம்பி மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "அக்கா இருந்தப்ப வீடு இப்படியா கெடந்தது?" என்றான். அவன் சாப்பிட்ட தட்டை நான் அப்போதுதான் எடுத்துக்கொண்டிருந்தேன்.

வெளியிலும் இதே கூத்துதான். இந்த நேரத்தில் லீவு எடுத்துக்கொண்டிருக்கலாமே என்று கடை முதலாளி எனக்கே அனுதாபம் சொன்னார். இவர்மேல் பாவப்பட்டு, நன்றாக ஓடுகிற லிஃப்டையெல்லாம் பார்க்க வரச் சொல்லிப் போன் வந்தது. அதையெல்லாம்கூட விட்டுத்தள்ளலாம். மகள் தயங்கித் தயங்கி வந்து, பெற்றோர் கூட்டத்துக்கு இந்த முறை வராதே என்றாள். "டீச்சர்ங்க எல்லாம் ரொம்பப் பாசமா இருக்காங்கம்மா. நீ வந்தா கெட்டுடும்." சரி என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய்க் காய்ந்த பாத்திரங்களை மறுபடியும் கழுவினேன்.

அடுத்த அறிவிப்பு வந்தது. வருகிற வெள்ளிக்கிழமை கார்ட்டூன் புருஷனுக்கு இரண்டாம் கல்யாணம். பல் டாக்டர், பஸ் டிரைவர், நீச்சல் டீச்சர், மூன்று பேரில் பெண் யார் என்று பார்க்கிறவர்கள் ஓட்டுப் போட வேண்டும். தம்பிக்குக் கடைவாய்ப்பல் வலி, அதனால் பல் டாக்டர் என்றான். மகள் நீச்சல் டீச்சர் பக்கம். இவர் மட்டும் எனக்கு எதற்கு வம்பு என்று சும்மா இருந்தார். நான் நிமிர்ந்து பார்த்ததும், "பஸ் டிரைவர்னா நம்ம லைன்ல கொஞ்சம் ஒத்து வரும்" என்று முனகினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாளே கார்ட்டூன் கம்பெனிக்குப் போய் நின்றேன். கொண்டையில் பென்சிலைச் செருகியிருந்த கதாசிரியப் பெண் யார் வேண்டும் என்று கேட்டாள். நான்தான் அம்மா என்றேன். எந்த அம்மா என்றாள். செத்துப்போனவள் என்றேன். அவள் என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள்.

நல்ல பெண்தான். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "ஒரே ஒரு வீடியோ அனுப்புங்க. நீங்க அவங்களோட சாதாரணமா இருக்கற மாதிரி. எப்படி நடக்கறீங்க, எப்படித் திரும்பறீங்கன்னு தெரிஞ்சா போதும், வரைஞ்சிடுவோம். நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள வந்தா உங்களுக்கு உயிர் வந்துடும். இல்லன்னா கல்யாணத்த நிறுத்த முடியாது" என்றாள்.

விடிந்ததும் தலையைப் படிய வாரி, நல்ல துணியாக உடுத்திக்கொண்டு நின்றேன். முதலில் இவர் எடுத்தார். என் முழங்கால்வரைக்கும் வந்திருந்தேன். தம்பி எடுத்ததில் அவன் காதும், தூரத்தில் என் முழங்கையும் இருந்தன. மகள் ஜன்னலுக்கு நேர் எதிரே நின்று எடுத்ததில் நான் கரியாகத் தெரிந்தேன். ஒரு பொம்பளையை உயிரோடு காட்டுவதற்கு மூன்று பேருக்கும் துப்பில்லை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுப் போனைப் பிடுங்கினேன்.

"இப்படிப் பிடிக்கணும். அங்க போய் நில்லுங்க, காட்டறேன்."

நின்றார்கள். ஜன்னல் வெளிச்சம் மூன்று பேர் முகத்திலும் அளவெடுத்த மாதிரி விழுந்தது. யார் நடுவில் நிற்பது என்று உடனே சண்டை வந்தது. இவர் தம்பியின் காலரைப் பிடிக்க, தம்பி மகளுக்குப் பின்னால் ஒளிய, அவள் இருவரையும் வீட்டை விட்டு வெளியே போகச் சொன்னாள். கையைக் கொஞ்சமும் அசைக்காமல் முழுவதையும் எடுத்தேன். இவ்வளவு நன்றாக நான் எடுத்ததே இல்லை. அந்தச் சந்தோஷத்தில் கையோடு கம்பெனிக்கு அனுப்பியும்விட்டேன்.

இருட்டிய பிறகுதான் போனைப் பார்த்தேன். இதுவரை வந்ததிலேயே இதுதான் பிரமாதம் என்று அந்தப் பெண் பதில் போட்டிருந்தாள். அதற்குக் கீழே, "நீங்க எங்க இருக்கீங்க?" என்று கேட்டிருந்தாள்.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். நேரம் தாண்டியிருந்தது. யாரைத் திட்டுவது என்று யோசித்தேன், ஆள் கிடைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை கல்யாணம் நடந்தது. ஓட்டில் பஸ் டிரைவர் ஜெயித்திருந்தாள். நல்ல உயரம், பல் தெரியப் பெரிய சிரிப்பு. வீட்டுக்குள் காலை வைத்து எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தாள். அடுத்த நிமிஷமே கார்ட்டூன் தம்பி லிஃப்டில் மாட்டிக்கொண்டான். கார்ட்டூன் புருஷன் ஸ்க்ரூடிரைவரைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது அவள் கையில் போனைத் திணித்தான்.

"நீ எடும்மா. உனக்குத்தான் கை நடுங்காது."

அவள் வாங்கிக்கொண்டாள். அதற்குப் பிறகு எபிசோட் முடிகிறவரைக்கும் அவளைக் காணவில்லை.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. நான் செத்ததற்குக்கூட நான் அழவில்லை, அவளுக்காக அழுதேன். எதற்கு அழுகிறாய் என்று கேட்க மகள் திரும்பினாள். திரும்பியவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தாள். சோபாவில் அவர்கள் மூவரும் உட்கார்ந்து கல்யாணம் பார்ப்பதை நான் எதிரே நின்று எடுத்துக்கொண்டிருந்தேன்.

"போதும்மா, கீழ வை" என்றாள். தம்பியின் விலாவில் முழங்கையால் ஓர் இடி இடித்து நகர்த்தினாள். இவரும் ஒதுங்கினார். அந்த சோபாவில் நாலு பேர் உட்காரலாம் என்பது எங்கள் யாருக்கும் அதுவரை தெரியாது.