பதினொரு நாள் கூடுதலாக வாழ்ந்த சமையற்காரர்

கோட்டுகளுக்குக் கையால் காஜா எடுக்கும் அந்த அறையில் இயந்திரச் சத்தம் கிடையாது. ஆகவே அங்கே ஒரு வழக்கம் வேரூன்றியிருந்தது. ஒன்பது பெண்களில் ஒருத்தி சன்னலோரம் முக்காலியில் அமர்ந்து புத்தகம் படிப்பாள். அவள் எடுக்க வேண்டிய நாற்பது காஜாவை மற்ற எட்டுப் பேரும் ஆளுக்கு ஐந்தாகப் பங்கிட்டுக்கொள்வார்கள். விதி ஒன்றே ஒன்றுதான்: அச்சில் இருப்பதை மட்டுமே படிக்க வேண்டும். முன்பு படித்தவள் காடு மலை வருணனைகளைத் தாண்டிக் குதித்த குற்றத்துக்காக மீண்டும் ஊசி பிடிக்க நேர்ந்தது.

இப்போது படிப்பவளுக்கு அந்த முக்காலி உயிர். அவள் எடுத்த காஜாவில் பொத்தான் நுழையாது. நுழைந்தால் வெளியே வராது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அவளுடைய நாத்தனார், "அண்ணி, நீங்க படிச்சுக்கிட்டே இருங்க. துணியாவது பிழைக்கட்டும்" என்று சொல்லிச் சிரிப்பாள்.

அப்போது படித்துக்கொண்டிருந்தது ஒரு பழைய மாயக்கதை நாவல். ஒரு நாட்டின் ஆற்றையே திருடிப் பூட்டி வைத்துவிடுகிறான் கல்லரசன். அதை மீட்க ஓர் இளவரசியும், ஒரு ராட்சதனும், வயதான சமையற்காரர் ஒருவரும் புறப்படுகிறார்கள். இளவரசி துணிச்சல்காரி, ராட்சதன் பரம சாது. ஆனால் அறை முழுவதும் மனத்தைப் பறிகொடுத்தது சமையற்காரரிடம். பூதம் வாயைப் பிளந்து நிற்கும்போதும், உப்பு ஜாடியை எங்கே வைத்தோம் என்று தேடுகிற மனிதர் அவர்.

நூற்றுத் தொண்ணூறாம் பக்கத்தில் மூவரும் ஆற்றின் சாவியைக் கவர்ந்துகொண்டு மலைக்குள்ளிருந்து ஓடி வருகிறார்கள். கல்வாசல் இறங்குகிறது. சமையற்காரர் அதைத் தோளில் தாங்கி மற்ற இருவரையும் வெளியே அனுப்புகிறார். அடுத்த வரியை அவள் கண் படித்துவிட்டது; வாய் படிக்க மறுத்தது.

"சமையற்காரரும் ஒரே தாவலில் வெளியே வந்து விழுந்தார்" என்றாள்.

அறையில் எட்டுப் பெருமூச்சுகள் கேட்டன.

அன்று தொடங்கியது அவளுடைய வேதனை. செத்தவரைப் பக்கத்துக்குப் பக்கம் தூக்கிச் சுமக்க வேண்டியதாயிற்று. புத்தகத்தில் இருவர் அழுதார்கள். அறையில் அவள் படித்த கதையில் மூவர் சாப்பிட்டார்கள். மேற்பார்வை பார்க்கும் கத்தரி அக்கா ஒருநாள் துணியிலிருந்து தலையை நிமிர்த்தி, "இந்தாளு வாசலைத் தாண்டுனதுக்கு அப்புறம் ரொம்பப் பேசுறாரே!" என்றபோது அவளுக்கு வியர்த்துவிட்டது.

பதினோராம் நாள் கதை முடிவுக்கு வந்தது. சாவி பூட்டில் நுழைந்தது; ஆனால் திரும்பவில்லை. கல்லரசன் சிரித்தான். "மலைக்குள் போய்த் திரும்பாதவர் யார்? அவர் பெயரைச் சொன்னால்தான் பூட்டுத் திறக்கும்."

அவள் நிறுத்தினாள். அடுத்த வரியில் இளவரசி சமையற்காரரின் பெயரைச் சொல்கிறாள்.

"சொல்லுங்க அண்ணி! யாரு?"

"யாரும் இல்ல" என்றாள் அவள். "மூணு பேரும்தான் வந்துட்டாங்களே. நான்தான் கூட்டிட்டு வந்தேன். புத்தகத்துல அவர் அன்னைக்கே போயிட்டார்."

நாத்தனாரின் கையிலிருந்த ஊசி நழுவியது. "ஐயையோ, கொன்னுட்டீங்களா?"

"நான் எங்கடி கொன்னேன்? கொன்னது எழுதினவர்!"

"அப்ப நேத்து பாயசம் கிண்டினது?"

"நான்தான்."

கத்தரி அக்கா எழுந்து வந்தார். கையில் ஊசியும் நூலும் இருந்தன. முக்காலி போயிற்று என்று அவள் எழப்போனாள்.

"உட்காரு. அந்தப் பக்கத்தைத் திருப்பு. இருக்கிறதைப் படி."

அவள் படித்தாள். கல் இறங்கியது. தோள் நடுங்கியது. 'அடுப்பை அணைக்க மறந்துவிட்டேன், போய்ப் பாருங்கள்' என்று பொய் சொல்லி அவர் இருவரையும் விரட்டினார். பிறகு ஒரே வரி; அதோடு அத்தியாயம் முடிந்தது.

யாரும் தைக்கவில்லை. கத்தரி அக்கா மூக்கை உறிஞ்சினார். "எழுதினவன் கெட்டிக்காரன். பாவி." பிறகு அவள் பக்கம் திரும்பினார். "நீ செஞ்சது தப்பு. எங்க துக்கத்தை எங்ககிட்ட கேக்காம எடுத்துக்கிட்ட."



"அக்கா, ஆனா பாயசம் நல்லா இருந்துச்சு" என்றாள் நாத்தனார்.

அறை குபீரென்று சிரித்தது. கத்தரி அக்காவும் உதட்டைக் கடித்துப் பார்த்து, முடியாமல் சிரித்துவிட்டார்.

"சரி. இனிமே புத்தகம் திறந்திருந்தா அவன் எழுதினது. சொந்தச் சரக்கை அவிழ்த்து விடறதா இருந்தா, மூடி மடியில வச்சுட்டுச் சொல்லு. எங்களுக்கும் எது எதுன்னு தெரியணும்ல?" ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டு அவர் தம் இடத்தில் அமர்ந்தார். "முதல்ல அவனோட முடிவைப் படி. அப்புறம் மூடு. பெரியவர் உயிரோட நிக்கிறார், பூட்டுத் திறக்கல. நீ என்ன பண்ணுவேன்னு பாக்குறேன்."

"பூட்டை உடைச்சிடலாம்!" என்றது ஒரு குரல்.

"ராட்சதன் எதுக்கு இருக்கான், சும்மாவா?" என்றது இன்னொன்று.

"ஏய், அவங்க சொல்லட்டும்டி!"

முக்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, அவள் கடைசி அத்தியாயத்தைப் படிக்கத் தொடங்கினாள்.